பணியும் ஒதுக்கமும்: கிறிஸ்தவ வாழ்வில் உழைப்பையும் ஓய்வையும் இணைத்த மரபுகள்

1. வினாவின் இயல்பு

பசித்தவருக்கு உணவளித்தல், நோயுற்றோரைப் பேணுதல், சிறையிலிருப்போரைத் தேடிச் செல்லுதல், நற்செய்தியை அறிவித்தல் எனக் கிறிஸ்தவ வாழ்வின் பணிகள் பலவாக விரிகின்றன. அதே வாழ்வு, கூட்டத்தை விட்டு விலகி, இறைவன்முன் அமைதியில் அமர்ந்து, செபத்திலும் மறைநூல் வாசிப்பிலும் நிலைத்திருக்குமாறும் மனிதரை அழைக்கிறது. மேலைத் திருச்சபையின் மரபு முன்னதைச் செயல்வாழ்வு என்றும் பின்னதைத் தியானவாழ்வு என்றும் பிரித்தறிந்தது. வீட்டையும் தொழிலையும் சில நாள்கள் விட்டு மேற்கொள்ளும் ஒதுக்கத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் ஞான ஒடுக்கம் என்றும் தியானம் என்றும் வழங்குகின்றனர். பிற சபையினரிடையே தியான முகாம் என்ற பெயரும் உண்டு.

இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது என்ற வினா பெரும்பாலும் நேரப் பங்கீடாகவே பேசப்படுகிறது: நாளில் எத்தனை மணி நேரம் செபத்துக்கு, ஆண்டில் எத்தனை நாள் ஒடுக்கத்துக்கு என்று கணக்கிட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என எண்ணப்படுகிறது. ஆனால் மறைநூலையும், பாலைநிலத் துறவியர் முதல் இருபதாம் நூற்றாண்டுச் சபைகள் வரையிலான வரலாற்றையும் தொடர்ந்து நோக்கினால், இந்த வினாவை ஆழமாக ஆராய்ந்தவர்கள் நேர அளவைவிட வேறு மூன்றையே முதன்மையாகக் கருதினர் என்பது புலனாகும். ஒதுக்கம் மனிதரை அயலாரிடம் திருப்பி அனுப்புகிறதா, பணி செபத்திலிருந்து புறப்படுகிறதா, ஒருவர் ஓய்ந்திருக்கும்போது அவருடைய சுமையை யார் தாங்குகின்றனர் என்பனவே அம்மூன்றும். இவற்றுள் மூன்றாவது வினா அதிகம் மறக்கப்பட்டதாதலின், அதற்கு இக்கட்டுரை சிறப்பிடம் தருகிறது.

2. மறைநூல் காட்டும் அடித்தளம்

ஓய்வுநாள் கட்டளை பழைய ஏற்பாட்டில் இருவேறு காரணங்களுடன் இடம்பெறுகிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் படைப்பின் ஏழாம் நாளில் கடவுள் ஓய்ந்திருந்ததைக் காரணமாகக் காட்ட, உபாகமம் 5ஆம் அதிகாரம் இஸ்ரயேலர் எகிப்தில் அடிமைகளாயிருந்ததையும் அங்கிருந்து மீட்கப்பட்டதையும் நினைவூட்டுகிறது. அடிமைக்கு ஓய்வுநாள் இல்லை. ஆதலால் விடுதலை பெற்ற மக்களின் முதல் அடையாளங்களுள் ஒன்றாக ஓய்வு அமைகிறது. வீட்டுத் தலைவனோடு மகனும் மகளும் வேலைக்காரரும் வேலைக்காரிகளும் கால்நடைகளும் ஊரில் தங்கியுள்ள அந்நியரும் அந்நாளில் ஓய்ந்திருக்க வேண்டும் என இரண்டு வடிவங்களும் வலியுறுத்துகின்றன. ஒருவர் இளைப்பாற மற்றொருவர் இரட்டிப்பாக உழைப்பது இக்கட்டளையின்படி ஓய்வாகாது.

இறைவாக்கினர் எலியாவின் வரலாறு, களைத்துப்போன பணியாளரைக் கடவுள் நடத்தும் முறையைப் படிப்படியாகக் காட்டுகிறது. யேசபேலின் மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைநிலத்துக்கு ஓடி, சாவை வேண்டிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்தவரிடம் வானதூதர் முதலில் அறிவுரை எதையும் கூறவில்லை; தணலில் சுட்ட அப்பத்தையும் குவளைத் தண்ணீரையும் தந்து, உறங்கவிட்டு, மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பின்னரே மெல்லிய குரல் கேட்கிறது. அக்குரல் எலியாவை மலையில் தங்கவைக்காமல் புதிய பணிகளுடன் திருப்பி அனுப்புகிறது. தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக எண்ணியவருக்கு ஏழாயிரம் பேர் உளர் எனத் தெரிவித்து, எலிசாவையும் துணையாளாகத் தருகிறது. உடலின் தேவை, இறைச்சந்திப்பு, பணிக்குத் திரும்புதல், சுமையைப் பகிர்தல் என்னும் நான்கும் இங்கு ஒரே கோவையாக அமைந்துள்ளன.

நற்செய்திகளில் இயேசுவின் ஒதுக்கங்கள் பலமுறை குறிக்கப்படுகின்றன. மாற்கு முதல் அதிகாரத்தில், நோயாளிகள் திரண்டு வந்த மாலையை அடுத்த விடியற்காலையில் அவர் தனியிடம் சென்று செபிக்கிறார். எல்லாரும் தேடுவதாகச் சீமோன் வந்து சொன்னபோது, அவ்வூருக்குத் திரும்பாமல் வேறு ஊர்களுக்குப் போக முடிவு செய்கிறார். கூட்டம் எதிர்பார்ப்பதே கடமை என்று கொள்ளாமல், செய்யவேண்டியது எதுவெனத் தெளியும் ஆற்றலை அந்தத் தனிமை தந்தது. ஆறாம் அதிகாரத்தில், பணி முடித்து வந்த சீடரை உண்ணவும் நேரமின்றி மக்கள் மொய்த்தபோது, சற்று ஓய்வெடுக்கத் தனிமையான இடத்துக்கு அவர்களை அழைத்துச் செல்கிறார். ஆனால் மக்கள் கரைவழியே முந்திக்கொண்டு ஓடிவர, அவர்கள்மீது இரங்கிப் போதித்து உணவும் அளிக்கிறார். அதன்பின் சீடரைப் படகில் அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் மலைக்குச் சென்று செபிக்கிறார். மக்களின் தேவை ஒதுக்கத்தைத் தள்ளிப்போடச் செய்ததே தவிர, அதை இல்லாமல் ஆக்கவில்லை.

மார்த்தாள், மரியாள் ஆகியோரைப் பற்றி லூக்கா 10ஆம் அதிகாரத்தில் வரும் நிகழ்ச்சியே இவ்வினாவுக்கு நெடுங்காலம் அளவுகோலாயிற்று. இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாள் பாராட்டப்பட, பணிவிடைகளில் பரபரப்புற்ற மார்த்தாள் கடிந்துகொள்ளப்பட்டாள் என்பதைக் கொண்டு தியானம் உயர்ந்தது, தொண்டு தாழ்ந்தது என்ற முடிவுக்கு வருவது எளிது. ஆனால் லூக்கா இதனை நல்ல சமாரியரின் உவமைக்குப் பின்னும், செபிக்கக் கற்றுத்தரும் பகுதிக்கு முன்னும் அமைத்திருக்கிறார். அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவர்போலச் செய்யுமாறு பணித்த நூல், அடுத்த பகுதியிலேயே தொண்டினைத் தாழ்த்தியிருக்க இயலாது. யோவான் நற்செய்தியில் இயேசுவை மெசியாவாக அறிக்கையிடுபவள் மார்த்தாளே. பின்னர் நடந்த பெத்தானியா விருந்திலும் அவளே பணிவிடை செய்கிறாள், அங்கே கடிதல் எதுவுமில்லை. ஆகவே லூக்காவில் கண்டிக்கப்பட்டது சமையலறை வேலை அன்று. அந்த வேலை உள்ளத்தைச் சிதறடித்து, சகோதரியின்மேல் குறைகூறத் தூண்டிய நிலையே.

3. பாலைநிலமும் நகரமும்

வனத்து அந்தோணியார் (ஏறத்தாழ 251–356) உலகை விட்டு முற்றாக விலகியவராகவே நினைவுகூரப்படுகிறார். அத்தனாசியார் எழுதிய அவருடைய வரலாற்றைக் கூர்ந்து பயின்றால் வேறொரு தோற்றம் கிடைக்கிறது. பாழடைந்த கோட்டையில் ஏறத்தாழ இருபது ஆண்டு தனித்திருந்தபின் வெளிவந்த அவர் நோயாளிகளைத் தேற்றினார், பகைத்தோரை ஒப்புரவாக்கினார்; பேரரசர் மாக்சிமின் காலத்துக் கலாபனையில் அலெக்சாந்திரியா சென்று, சுரங்கங்களிலும் சிறைகளிலும் இருந்த கிறிஸ்தவர்களுக்குப் பணிவிடை செய்தார். பின்னர் உள்மலையில் குடியேறியபோது, தமக்கு ரொட்டி சுமந்து வருவோரின் துன்பத்தைக் கண்டு, மண்வெட்டியும் கோடரியும் சிறிது தானியமும் வருவித்துத் தாமே பயிரிட்டார். தேடி வருவோர் இளைப்பாறக் கீரைகாய்களையும் வளர்த்தார். தம் தனிமையின் விலையைப் பிறர் செலுத்தலாகாது என்ற உணர்வு அச்செயலில் தெளிவாகத் தெரிகிறது.

பாலைநிலத் தந்தையரின் பொன்மொழித் தொகுப்பில் சில்வானு என்பவரைப் பற்றிய செய்தி இவ்வினாவை நேரே தொடுகிறது. அவருடைய சீடர்கள் வேலை செய்வதைக் கண்ட விருந்தாளி ஒருவர், அழிந்துபோகும் உணவுக்காக உழைப்பானேன், மரியாள் நற்பங்கைத் தெரிந்துகொண்டாளே என்றார். சில்வானு அவருக்கு ஒரு நூலைக் கொடுத்துத் தனியறையில் விட்டார். உணவு வேளை கடந்தும் எவரும் அவரை அழைக்கவில்லை. காரணம் கேட்டபோது, ஆவிக்குரியவரான அவருக்கு இந்த உணவு தேவைப்படாது என எண்ணியதாகக் கூறி, மரியாளுக்கு மார்த்தாள் தேவை என்பதை முதியவர் உணர்த்தினார்.

தனிமையின் இடர்களையும் அத்துறவியர் அறிந்திருந்தனர். எவாக்ரியு (345–399) ‘அசேடியா’ எனப்படும் ஆன்மச் சலிப்பை விரிவாக ஆராய்ந்தார். நண்பகலில் கதிரவன் நகராததுபோலத் தோன்றுவதும், யாரேனும் வருகிறார்களா எனச் சாளரத்தின் வழியே அடிக்கடி பார்ப்பதும், வேறிடம் போனால் எல்லாம் சரியாகும் என்று எண்ணுவதும் அதன் அறிகுறிகள். வேலையின்மையே உள்ளத்துக்கு ஓய்வளித்துவிடாது என்பதற்கு இதைவிட நுட்பமான சான்று அரிது.

நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயரான பேசில், தனித்துறவைவிடக் குழுவாழ்வே மேலானது என வாதிட்டார்; தனியே வாழ்பவர் யாருடைய பாதங்களைக் கழுவுவார் என்பது அவர் எழுப்பிய கேள்வி. நகருக்கு வெளியே அவர் அமைத்த நிறுவனத்தில் நோயாளிகளும் வறியோரும் வழிப்போக்கரும் பேணப்பட்டனர்.

4. ஆயர்களின் தவிப்பு

துறவறத்தை விரும்பியிருந்தும் மேய்ப்புப்பணிக்கு இழுக்கப்பட்ட இருவர் மேலைத் திருச்சபையின் சிந்தனையை வடிவமைத்தனர். ஹிப்போ நகரின் அகுஸ்தீன், வழக்குகளைத் தீர்ப்பதில் நாள்களைச் செலவிட நேர்ந்தவர். ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலின் 19ஆம் பகுதியில், அயலாரின் நலனை மறக்குமளவு ஒருவர் ஓய்ந்திருத்தல் ஆகாது, கடவுளைத் தேடுவதை மறக்குமளவு செயலில் மூழ்குதலும் ஆகாது என்று அவர் நிறுவுகிறார். உண்மையின்மேலுள்ள அன்பு புனித ஓய்வைத் தேடுகிறது. அன்பின் கட்டாயம் பணியை ஏற்கிறது. பணியை ஏற்றபின்னும் உண்மையின் இனிமையை முற்றாகக் கைவிட்டால் சுமை மனிதரை நசுக்கிவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை.

உரோமையில் தம் குடும்ப இல்லத்தையே துறவுமடமாக்கி வாழ்ந்து, 590இல் திருத்தந்தையான பெரிய கிரகோரி, மேய்ப்பருக்கான தம் நூலில் மோசேயை முன்மாதிரியாக நிறுத்துகிறார். கூடாரத்துக்குள் சென்று இறைவனைக் காணும் மோசே, வெளியே வந்து மக்களின் சுமைகளைத் தாங்குகிறார். ஐயம் எழும்போது மீண்டும் உள்ளே போகிறார். மேய்ப்பர் இரக்கத்தால் எல்லாருக்கும் அண்மையராகவும் தியானத்தால் உயர்ந்தவராகவும் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோ பெர்னார்டு, தம் முன்னாள் மாணவரான திருத்தந்தை மூன்றாம் யூஜினுக்கு எழுதிய ஆய்வுநூலில் இதே கவலையைக் கடுமையாக வெளியிட்டார்: காலைமுதல் மாலைவரை வழக்குகளில் மூழ்குபவரின் இதயம் தன்னையறியாமலே இறுகிப்போகும், எல்லாருக்கும் உரியவராகத் தம்மைக் கொடுப்பவர் அந்த எல்லாருள் தம்மையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

5. நாளொழுங்காக மாறிய சமநிலை

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்குநூல், 73 சிறு அதிகாரங்களில் இக்கருத்துகளை அன்றாட நடைமுறையாக்கியது. அதன் 48ஆம் அதிகாரம் பருவத்துக்கேற்ப உழைப்பு, வாசிப்பு, செபம் ஆகியவற்றின் நேரங்களை மாற்றியமைக்கிறது. கோடையில் காலையில் வேலை, வெயில் ஏறும் வேளையில் மறைநூலை மெல்ல அசைபோடும் வாசிப்பு, நண்பகல் உணவுக்குப்பின் படுக்கையில் அமைதியான ஓய்வு, பின்பு மாலைவரை மீண்டும் வேலை எனக் காலநிலையையும் உடலின் இயல்பையும் அது மதிக்கிறது. நோயாளருக்கும் வலுவற்றோருக்கும் இலகுவான வேலையே தரப்பட வேண்டும்.

சமையலறையைப் பற்றிய 35ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. நோயாலோ முக்கியப் பொறுப்பாலோ விலக்குப் பெற்றோர் தவிர, சகோதரர் அனைவரும் முறைவைத்துச் சமையலறையில் பணிபுரிகின்றனர். வாரம் முடிப்பவர் சனிக்கிழமையன்று துவாலைகளைத் துவைத்து, பாத்திரங்களைத் தூய்மையாக ஒப்படைக்கிறார். வாரம் முடிப்பவரும் தொடங்குபவரும் சேர்ந்து அனைவருடைய பாதங்களையும் கழுவுகின்றனர். முணுமுணுப்பின்றிப் பரிமாற ஏதுவாக, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக அவர்களுக்கு ரொட்டியும் பானமும் கூடுதலாகத் தரப்படுகின்றன. மார்த்தாளின் குறையை நூல் செவிமடுத்து, அதற்கு நிறுவன வடிவில் விடையளித்ததாகவே இதனைக் கொள்ளலாம்.

அசிசியின் பிரான்சிஸ், தனிக்குடில்களில் தங்கும் சகோதரருக்காக எழுதிய சுருக்கமான ஒழுங்கு இவ்விடையை மேலும் கூர்மையாக்குகிறது. ஒரு குடிலில் மூவர் அல்லது மிகுதியாயின் நால்வர் இருக்கலாம். இருவர் அன்னையராகி மார்த்தாளின் வாழ்வை மேற்கொள்ள, மற்றவர் மக்களாகி மரியாளின் வாழ்வை மேற்கொள்வர். வருவோர் போவோரால் மக்களின் அமைதி குலையாதவாறு அன்னையர் காப்பர். பின்னர் ஏற்ற காலத்தில் மக்கள் அன்னையரின் பொறுப்பை ஏற்பர். தியானம் ஒரு வகுப்பாரின் உரிமையாகவும் உழைப்பு மற்றொரு வகுப்பாரின் விதியாகவும் உறைந்துவிடாமல் தடுக்கும் மிகச் சிறந்த ஏற்பாடு இது. நடைமுறையில் மடங்கள் பலவற்றில் பாடற்குழுத் துறவியர், உடலுழைப்புச் சகோதரர் என இரு நிலைகள் உருவானதை நினைக்கும்போது, பிரான்சிஸின் தெளிவு இன்னும் சிறப்புப் பெறுகிறது.

6. செயலுக்குள் தியானம்

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினார், தியானவாழ்வு தன்னளவில் உயர்ந்தது என ஏற்றபோதிலும், தியானித்ததைப் பிறருக்குப் பகிர்ந்தளிப்பது வெறுமனே தியானிப்பதைவிட மேலானது என்று முடிவு கூறினார். லொயோலா இஞ்ஞாசியார் இதனை வேறொரு திசையில் வளர்த்தார். 1522–23இல் மன்ரேசாவில் பெற்ற அனுபவத்திலிருந்து உருவாகி, 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ ஏறத்தாழ முப்பது நாள் ஒடுக்கத்துக்கு உரியவை. எனினும் அலுவல்களை விட்டு வர இயலாதோர் நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, தம் இல்லத்திலிருந்தே அவற்றை நிறைவேற்ற அந்நூலின் 19ஆம் முன்குறிப்பு வழிசெய்கிறது. அன்றைய நாளைப் பின்னோக்கி ஆராயும் ஆன்மப் பரிசோதனையை இயேசு சபையின் மரபு அன்றாடக் கடமையாக்கியது. இஞ்ஞாசியாரின் உடனுழைப்பாளர் ஜெரோம் நதால் அவரைச் செயலிலும் தியானியாயிருப்பவர் எனக் குறித்தார்.

அவிலா தெரேசா 1577இல் எழுதிய ‘உள்ளக் கோட்டை’யின் ஏழாம் மாளிகையில், மார்த்தாளும் மரியாளும் சேர்ந்தே ஆண்டவரை உபசரிக்க வேண்டும் என்றும், மிக உயர்ந்த இறையொன்றிப்பின் நோக்கமே நற்செயல்கள் பிறப்பதுதான் என்றும் அறுதியிட்டார். வின்சென்ட் தே பவுல், 1633இல் லூயிஸ் தே மரிலாக்கோடு தொடங்கிய பிறரன்புப் புதல்வியர் சபையினருக்கு, செப வேளையில் நோயாளி அழைத்தால் எழுந்து செல்லுமாறு கற்பித்தார். அது கடவுளுக்காகவே கடவுளை விட்டுச் செல்வதாகும். இந்த அறிவுரை நாள்தோறும் செபித்த மகளிருக்குக் கூறப்பட்டது என்பதை மறந்தால், செபத்தைக் கைவிட எளிய சாக்காகிவிடும்.

7. சீர்திருத்த மரபுகள்

மார்ட்டின் லூத்தர் 1521இல் துறவற வாக்குகளை விமர்சித்தபோது, தொழில் புரிவோரின் அன்றாட உழைப்பையும் கடவுளின் அழைப்பாக உயர்த்தினார். ஆயினும் 1535இல் தம் நாவிதருக்காக எழுதிய சிறுநூலில், வேலைகளுக்கு முன்னும் பின்னும் செபிக்கும் எளிய முறையைக் கற்றுக்கொடுத்தார். முடிவெட்டும்போது நாவிதருக்கு எவ்வளவு கவனம் தேவையோ அவ்வளவு கவனம் செபத்துக்கும் தேவை என்பது அதன் கருத்து. கால்வின் ஓய்வுநாளுக்குக் கூறிய மூன்று காரணங்களுள், நம்முள் கடவுள் செயலாற்ற நாம் ஓய்ந்திருத்தலும், கூடிவழிபடுதலும், பிறருக்குக் கீழ் உழைப்போர் இளைப்பாறுதலும் அடங்கும். ஜான் வெஸ்லி பக்திச் செயல்களையும் இரக்கச் செயல்களையும் கடவுளின் அருள் வந்தடையும் வழிகளாக ஒருங்கே போற்றினார்.

இருபதாம் நூற்றாண்டில் டீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்து நின்ற அறிக்கைத் திருச்சபைக்காக ஃபிங்கன்வால்டேயில் நடத்திய குருமடத்தில், ஒரு சிறு மறைநூல் பகுதியின்மேல் நாள்தோறும் மௌனத் தியானம் செய்யுமாறு மாணவரைப் பழக்கினார். துறவுமட வாடை வீசுகிறது என்ற ஐயம் கார்ல் பார்ட் உள்ளிட்டோரிடம் எழுந்தது. ஆனால் 1937இல் காவல்துறையால் மூடப்பட்ட அவ்விடம் தப்பியோடும் புகலிடமாக இருக்கவில்லை. அங்குப் பெற்ற அனுபவத்திலிருந்து 1939இல் வெளிவந்த ‘இணைந்த வாழ்வு’ என்னும் நூல், தனித்திருக்க இயலாதவர் குழுவாழ்வைக் குறித்தும், குழுவில் இயலாதவர் தனிமையைக் குறித்தும் எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்கிறது. அதை எழுதியவர் 1945 ஏப்ரல் 9 அன்று நாட்சிகளால் தூக்கிலிடப்பட்டார்.

8. தமிழ் மண்ணின் பங்களிப்பு

தமிழகத்தில் இவ்வினா ஆசிரம வடிவில் விடை தேடியது. மருத்துவர்களான எஸ். ஜேசுதாசனும் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921இல் திருப்பத்தூரில் நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமம், எளிய குழுவாழ்வையும் செபத்தையும் மருத்துவப் பணியோடு பிணைத்தது; தமிழகக் கோயில் கட்டடக்கலையைத் தழுவிய செபாலயம் அங்கு எழுந்தது. குளித்தலை அருகே காவிரிக்கரையில் ஜூல்ஸ் மோன்ஷானேனும் அபிஷிக்தானந்தர் எனப்பட்ட ஹென்றி லெ சோவும் 1950இல் தொடங்கிய சச்சிதானந்த ஆசிரமம், சாந்திவனம் என்ற பெயரால் அறியப்பட்டு, மௌனத்துக்கும் தியானத்துக்கும் முதலிடம் தந்தது. இத்தகைய ஆசிரம ஆன்மீகம் உயர்சாதி மரபின் வடிவங்களையே ஏற்றுக்கொண்டு, கிறிஸ்தவர்களுள் பெரும்பாலோரான தலித் மக்களின் போராட்டத்துக்கு விலகி நிற்கிறது என்ற விமர்சனம் தலித் இறையியலாரிடமிருந்து எழுந்தது. அது புறக்கணிக்கத்தக்கதன்று, ஒதுக்கம் யாருக்குக் கிட்டுகிறது, யாருக்குக் கிட்டவில்லை என்ற உபாகமத்தின் வினாவையே அது மீண்டும் எழுப்புகிறது.

9. மதிப்பீடு

இம்மரபுகளை ஒருங்கே நோக்கும்போது இருவகைத் திரிபுகள் புலப்படுகின்றன. முதலாவது, பணியே வழிபாடு என்று கூறி ஒதுக்கத்தை ஆடம்பரமாகக் கருதுவது. 2019இல் உலக நலவாழ்வு அமைப்பு தன் நோய் வகைப்பாட்டில், முறையாகக் கையாளப்படாத நெடுநாள் பணி அழுத்தத்தின் விளைவாகப் பணிச்சோர்வை வரையறுத்தது. களைப்பு, பணியின்மேல் வெறுப்பு, திறன் குன்றல் என்பன அதன் கூறுகள். போதகரும் துறவியரும் செவிலியரும் இதற்கு விலக்கல்லர். இதயம் இறுகிப்போகும் என்று பெர்னார்டு அஞ்சியதும் இதற்கு மிக அண்மையானதே. இரண்டாவது திரிபு, ஒதுக்கத்தைத் தனிமனிதரின் மனநிறைவுக்கான நுகர்பொருளாக்குவது. வாரக்கடைசியில் மலைவாசத்தலத்தில் இளைப்பாறித் திரும்பியவர், அயலாரை நோக்கும் பார்வையில் மாற்றமேதும் பெறவில்லையெனில், பெற்றது உடல்நலமாகலாம்; மறைநூல் கூறும் ஓய்வு அதனினும் பெரிது.

இவ்விரண்டையும்விடப் பரவலாகக் காணப்படும் குறை, ஓய்வின் சமமின்மை. ஞாயிறு வழிபாட்டுக்குப்பின் குடும்பம் இளைப்பாற, அன்றுதான் அடுப்படியில் அதிக வேலை காணும் பெண்கள் பலர். ஓய்வுநாளில் எல்லா ஆராதனைகளையும் நடத்திவிட்டு மற்ற நாள்களிலும் சாவுவீடு, மருத்துவமனை, சபைக்கூட்டம் என அலையும் ஊழியர் பலர். ஒடுக்கத்துக்கு விடுப்புக் கேட்டால் கூலி இழக்கும் தொழிலாளர் அவர்களினும் பலர். மனத்தை ஒருநிலைப்படுத்துமாறு இவர்களுக்கு அறிவுரை கூறுவது, தூதர் எலியாவுக்கு அப்பம் கொடுக்காமல் போதனை செய்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே பணிக்கும் ஒதுக்கத்துக்கும் இடையிலான ஒழுங்கு ஒவ்வொருவரும் தம் மனவுறுதியால் தனித்துச் சாதிக்கவேண்டியதாகாது. சபை முழுவதும் கூடி ஏற்பாடு செய்யவேண்டிய கடமை அது. போதகருக்கு வாரத்தில் ஒரு நாளும் ஆண்டில் ஒடுக்கத்துக்கான நாள்களும் உறுதிசெய்யப்பட்டு, அந்நாள்களில் பிணியாளரைக் காணும் பொறுப்பைப் பொதுநிலையினர் ஏற்கவேண்டும். தாய்மார் செபக்கூட்டத்துக்கோ தியானத்துக்கோ செல்லும்போது சமையலையும் குழந்தைகளையும் ஆண்கள் கவனித்துக்கொள்ள வேண்டும். கூலித் தொழிலாளர் பங்குபெறும் ஒடுக்கத்தில் அன்றைய வருமான இழப்பைச் சபை நிதி ஈடுசெய்ய வேண்டும். செபத்தில் நீண்ட நாள் பழகியோர் வேலையின் சுமையில் தோள்கொடுக்கவும், வேலையிலேயே மூழ்கியோர் அமைதியில் அமரவும் முறை மாற்றப்பட வேண்டும். பெனடிக்டின் சமையலறையும் பிரான்சிஸின் குடிலும் நடைமுறையில் காட்டிச்சென்ற இந்த முறைமாற்றத்தை ஏற்கும் சபையில், மார்த்தாள் குறைகூறக் காரணமிராது. மரியாளின் நற்பங்கும் எல்லாருக்கும் உரியதாகும்.